அரைப்பக்கம்

நான் வடிவமைப்புக்குச் சேர்ந்தபோது
பந்தயப்புறா மாத இதழில்
செய்திக்கு மட்டும் எட்டுப் பக்கம்.
எவால்ட் ஷென்டெராவுக்கு ஒரு பழைய ஸ்கோடா,
பெட்ரோல் ரசீதுகளுக்குத் தனிக் கோப்பு.
யார் கூண்டில் நோய், யார் கடிகாரத்தில் தில்லுமுல்லு,
எந்தச் சங்கத்தின் பொருளாளர் ஊரில் இல்லை,
எல்லாவற்றையும் திங்கள் காலை
கோட்டுப் பையிலிருந்து மேசையில் கொட்டுவார்.
இரண்டொரு இறகும் சேர்ந்து விழும்.

முதலில் ஸ்கோடா போனது.
தொலைபேசி இருக்கிறதே என்றார்கள்.
பிறகு தொலைபேசிக் கட்டணத்தைப் பார்த்தார்கள்.
ஆறு பக்கம். நாலு.
ஆசிரியர் மிரோஸ்வாவா கெட்டவர் இல்லை.
கத்தோவிட்சே குளிரில்
தன் அறை ஹீட்டரைத்தான் முதலில் அணைத்தார்.
கையுறையோடு தட்டச்சு செய்தார்;
அந்த ஜனவரி இதழில் எழுத்துப்பிழை அதிகம்.

எவால்டை யாரும் அனுப்பவில்லை.
ஒப்பந்தம் முடிந்தது, அவ்வளவுதான்.
காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு
நாற்காலியை மேசைக்கடியில் ஒழுங்காகத் தள்ளிவிட்டுப் போனார்,
மறுநாளும் வரப்போகிறவர் போல.

இப்போது செய்தி என்றால்
தீவனக் கம்பெனியின் மின்னஞ்சல்.
புதிய சோளக் கலவை! இறகுக்குப் பளபளப்பு!
ஆச்சரியக்குறிகளை நீக்கினால்
செய்தி ஆகிவிடுகிறது.

ஜூன் பதினான்கு.
மாக்டெபர்க் பக்கம் ஒரு மைதானத்தில்
ஆறு லாரிகளைத் திறந்தார்கள்,
நாலாயிரத்துச் சொச்சம் புறாக்கள்.
வீடு சேர்ந்தவை எழுநூறுகூட இல்லை.
எனக்கு எப்படித் தெரியும் என்றால்
ரிப்னிக்கில் என் மைத்துனன் ஹுபெர்ட்
இரண்டு இரவு கூரையில் உட்கார்ந்திருந்தான்,
தீவன டப்பாவைக் குலுக்கிக் குலுக்கி.
பக்கத்துத் தெருவிலும் அதே சத்தம்,
அதற்கடுத்த தெருவிலும்.
ஊரே கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்தது,
குழந்தைதான் இல்லை.

சங்கத்திலிருந்து அறிக்கை வந்தது:
வானிலை சாதகம். போட்டி இனிதே நிறைவுற்றது.
அரைப்பக்கத்தில் சொல்லிவைத்தாற்போல் உட்கார்ந்தது.

யாரையாவது அனுப்பிக் கேட்கலாமே என்றேன்.
"யாரை?" என்றார் மிரோஸ்வாவா.
சுற்றிப் பார்த்தேன்.
அவர், நான், தண்ணீர் கேன்.

அன்றிரவு எவால்டைக் கூப்பிட்டேன்.
லாரி ஓட்டுநர் மூவரிடம் ஏற்கெனவே பேசியிருந்தார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
மூடுபனியாம், எதிரே நிற்கிற லாரி தெரியவில்லையாம்.
ஒரு மணி நேரம் பொறுக்கலாம் என்று ஓட்டுநர்கள் சொல்ல,
வண்டிக்கு மணிக்கணக்கில் வாடகை என்று
மேற்பார்வையாளர் தாழ்ப்பாளை இழுத்துவிட்டாராம்.
நாற்பது வரி எழுதி அனுப்பினார்.
கடைசியில்: காசு வேண்டாம், பெட்ரோல் மட்டும்.

அரைப்பக்கத்தில் நாற்பது வரி கொள்ளாது.
சோளக் கலவையை எடுத்தால் கொள்ளும்.
சோளக் கலவைதான் என் சம்பளம்.

கடைசிப் பக்கத்துச் சந்தாப் படிவம்,
அதன் பின்புறம் எப்போதும் வெறுமை.
அங்கே, பொடி எழுத்தில்,
புள்ளிக்கோட்டுக்குள் அடங்குகிற மாதிரி வைத்தேன்.
மிரோஸ்வாவா அச்சுப்படியைப் பார்த்தார்.
திருப்பிப் பார்த்தார்.
"பெட்ரோல் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார்.

சந்தாவைப் புதுப்பிக்கிறவர்கள்
படிவத்தை வெட்டி அனுப்பவேண்டும்.
சிலர் வெட்டாமல் கடிதம் எழுதுகிறார்கள்,
அந்தப் பக்கம் தங்களிடம் இருக்கட்டும் என்று.
வெட்டப்பட்ட சேதியோ
தபாலில் எங்களிடமே திரும்பி வருகிறது.
இதுவரை பதினொன்று வந்திருக்கின்றன.
ஹுபெர்ட்டுடையது வரவில்லை.