பரதராமிக்கு முன்னால் ஒன்பது கைகள்

கூழ் கம்பெனியில் ரெண்டாம் ஷிப்டு முடிந்து
வேன் கிளம்பும்போது மணி பத்தே முக்கால்.
பதினான்கு பேர். பதினான்கு பேர் மேலும்
கிளிமூக்கு மாம்பழ வாசனை.
சோப்புக்குப் போகாது,
சீசன் முடிந்தால்தான் போகும்.

யார் ஆரம்பித்தது என்று நினைவில்லை.
பூங்காவனமாகத்தான் இருக்கும்.
"உலகத்திலயே பெரிய பாட்டு எது, சொல்லுங்கடி" என்றாள்,
ரேஷன் கடையில் எடை கேட்பவள் போல.

பெரிசு என்றால்? நீளமா?
அழ வைப்பதா?
"அழ வெக்கிறதுதான் பெருசுன்னா
வெங்காயத்துக்குக் குடு மொதல் பரிசு" என்றாள் ரெஜினா.
அவள் சொன்ன பாட்டின் வார்த்தைகள் அவளுக்கே மறந்துவிட்டன,
தொண்டைக்குள் ஓர் இழுப்பு மட்டும் இழுத்துக் காட்டினாள்.

வேதவல்லி சொன்னது, அவள் பையன் காய்ச்சலில் கிடந்த மூன்று நாளும்
ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடையில் ஓடியதாம்.
"அது பாட்டோட பெருமையா, புள்ள பொழைச்சதோட பெருமையா?"
வேதவல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டிரைவர் கிரிபாபு கியர் மாற்றிக்கொண்டே
"அந்த மெட்டு மொதல்ல தெலுங்குலதான் வந்துச்சு" என்றான்.
வண்டியே எழுந்துவிட்டது அவன்மேல்.
மெட்டுக்கு எந்த செக்போஸ்ட்டில் ரசீது போட்டார்கள்?
வீட்டில் தெலுங்கு பேசுகிற ஐந்து பேர் எங்களில் உண்டு.
தமிழுக்காகத் தொண்டை கிழியக் கத்தியது அவர்கள்தான்.

நானும் ஒன்று சொன்னேன்:
மாம்பழத்தில் எது ஒசத்தி என்று மேஸ்திரியைக் கேட்டால்
தின்னவா, கூழுக்கா என்று திருப்பிக் கேட்பார்.
நல்ல பேச்சு என்று நினைத்துத்தான் சொன்னேன்.
யார் காதிலும் விழவில்லை.

கடைசியில் ஓட்டு.
மாம்பால் பட்டு வெந்த கைகள்
இருட்டில் எழுந்தன, இறங்கின.
அந்தப் பாட்டுக்கு ஒன்பது.
எதுவென்று சொல்லமாட்டேன்.
உங்களுக்கும் அது பிடித்திருக்கும்.
ஒன்பதில் ஒன்று என் கை.

கிரிபாபு பென்டிரைவில் தேடிப் போட்டான், முழுச் சத்தத்தில்.
முதல் புல்லாங்குழலுக்கே பூங்காவனம் கண்ணை மூடிக்கொண்டாள்.

கடைசி சீட்டில் கோமளா.
சேர்ந்து எட்டு நாள்.
எந்தப் பாட்டுக்கும் கை தூக்காதவள்.
"அண்ணா, கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்றாள்.
பிறகு, "நிறுத்திடுங்க."

ஏன் என்றதற்கு
டிபன் பாக்ஸ் மூடியைத் திருகியபடியே சொன்னாள்:
"எங்க வீட்டுக்காரர் இதத்தான் வெப்பார்.
அக்கம்பக்கம் கேக்கக்கூடாதுல்ல.
ரெண்டாவது சரணத்துக்குள்ள முடிச்சிருவார்."
குரலில் ஒன்றுமில்லை,
கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல.

செக்போஸ்ட்டில் டார்ச் அடித்துப் பார்த்தார் போலீஸ்காரர்.
"தெனம் கச்சேரி கேக்குமே, இன்னைக்கு என்ன
எழவு வீட்டுக்குப் போறீங்களா?"
வெளிச்சம் ஒவ்வொரு முகமாக நகர்ந்து
வேறு எதையும் கண்டுபிடிக்காமல் அணைந்தது.

ரெஜினா தன் ஊர் வந்தும் இறங்கவில்லை.
நான்கு கிலோமீட்டர் தள்ளி
கோமளா இறங்கிய இடத்தில் இறங்கினாள்.
செருப்பை உதறி மாட்டிக்கொண்டு
முன்னால் நடந்தாள், வழி தெரிந்தவள் போல.
நான் இறங்கவில்லை.

வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள்.
தேங்காயெண்ணெய் தடவி
விரலிடுக்கில் பாலைத் தேய்க்கிறேன்.
வாய் தானாக எடுத்தது பல்லவியை.
உதட்டைக் கடித்தேன். மூக்குக்குள் போனது.
முதல் சரணம் முடியும்போது
சொம்பைக் கீழே போட்டேன், வேண்டுமென்றே.
சத்தம் உருண்டு, மூலையில் போய் அடங்கியதும்
விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

சனியன்,
அவ்வளவு நல்ல பாட்டு.