29சி

குரோனிங்கன் ஆய்வகத்தில்
இருபது சொற்கள் கொடுத்தார்கள்.
தெரிந்த வழியொன்றில் மனசால் போய்
ஒவ்வொன்றாய் வைத்துவிட்டு வா என்றார்கள்.
லோட்டே தன் வீட்டு மாடிப்படிகளில் வைத்தாள்.
நான் பெரம்பூரில் 29சி ஏறினேன்.

ஓட்டேரியில் ஒரு பியானோ.
ஸ்டெர்லிங் ரோடு சிக்னலில் பனிக்கரடி,
ஹெல்மெட் இல்லாமல்.
ஜெமினி பாலத்தடியில் எலுமிச்சை;
அதை நான் வைக்கவே வேண்டியிருக்கவில்லை,
யாரோ சக்கரம் ஏற்றி நசுக்கிப் போட்டிருந்தார்கள்.

இருபதும் வரிசை பிசகாமல் சொன்னேன்.
நினைவாற்றல் அபாரம் என்று குறித்துக்கொண்டார்கள்.
நெரிசல் என்று எவரும் குறிக்கவில்லை.

ஜூலையில் திரும்பிவிட்டேன்.
காலை ஏழரை, அதே பஸ், படியில் ஒரு கால்.
பியானோ அங்கேயே இருக்கிறது,
மேலே லுங்கி காயப்போட்டிருக்கிறார்கள்.
கரடிக்கு வியர்த்துக் கொட்டுகிறது.

லஸ்ஸுக்கு முன்னாலேயே பஸ் திரும்பியது.
"மெட்ரோ வேலை. ஸ்டாப்ப தூக்கிட்டாங்க,
நீ எங்க இருந்த இவ்ளோ நாளா?"
தகரத் தடுப்புக்கு மேலே
ஒரு கிரேனின் கழுத்து.

அங்கே வைத்த சொல் எது?
மந்தைவெளிவரை யோசித்தும் வரவில்லை.
லோட்டேவுக்கு அனுப்பினேன்:
பதினான்காவது என்ன, ஞாபகம் இருக்கா?

ஒற்றை டிக்.
அங்கே இன்னும் விடியவில்லை.