ஒன்பது பேர்

துவாலையில் சுற்றி, மடியில் இருத்தி
கொச்சியில் இறங்கி, மதுரையில் பஸ் மாறி
பாம்பன் வரைக்கும் கொண்டுவந்தான் இஞ்ஞாசி.
கப்பலில் அவனுக்கு ஊற்றுகிற வேலை.
கதை சொல்லி ஊற்ற வேண்டுமாம்.

"சார்டனே" என்றான்.
யார் வீட்டுப் பெண் என்றேன்.

காலையிலிருந்து கரண்ட் இல்லை.
பத்து டிகிரியில் குடிக்கணுமே என்று
கையைப் பிசைந்தான்.
அக்காவின் மீன்பெட்டியில்
சீலாக்களை ஒதுக்கி
ஐஸுக்குள் கழுத்துவரை புதைத்தேன்.
எடுக்கும்போது
பொன் எழுத்தின் மேல் இரண்டு செதில்.

எவர்சில்வர் டம்ளரில் ஊற்றியது
அவனுக்கு வருத்தம்தான்.
"முகர்ந்து பாரு. பச்சை ஆப்பிள்.
எலுமிச்சைத் தோல். நனைஞ்ச கல்."
ஆப்பிள் எனக்குப் பிடிபடவில்லை.
கல் தெரிந்தது:
விடியலில் குழாய் அடித்துக் கழுவிய
நண்டு கம்பெனி வாசல்.

நாக்கில் இனிப்பில்லை.
பூசை ரசம்போல் நெஞ்சைச் சுடவுமில்லை.
மெல்லிசாய், நேராய்ப் போய்
ஓரத்தில் ஒரு உப்பை வைத்தது.
"கடல்லயா விளைஞ்சுது?"

கடல் அங்கே வெகுதூரமாம்.
ஆனால் கொடிக்காலைக் கொத்தினால் சிப்பி வருமாம்.
எந்தக் காலத்துக் கடலோ
சொல்லாமல் எழுந்து போயிருக்கிறது.
இங்கே வந்துதானோ
தனுஷ்கோடியில் ஏறி உட்கார்ந்தது.

பிறகு கப்பல் கதையை எனக்கும் சொன்னான்.
பெரிய யுத்தம். போன ஆண்கள் திரும்பவில்லை.
ஒன்பது பெண்கள் கத்தரியை எடுத்தார்கள்.
சித்திரை பிறந்தும் உறைபனி இறங்கும் ராத்திரிகளில்
வரிசைக்கு வரிசை தீ மூட்டி
மொட்டு கருகாமல் விடியவைத்தார்கள்.

"பனியிலயா கருகும்?"
"குளிரும் எரிக்கும் தெரியுமா"
என்றான், எனக்கு.
எட்டு மணி நேரம் குளிர் அறையில்
ஓட்டிலிருந்து சதை பிரிக்கிற விரல்களை
டம்ளரோடு சேர்த்து
முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

லேபிளில் என்ன எழுதியிருக்கு?
"ஒன்பது விதவைகள்."
அவங்க பேரு?
"அதான் பேரு."
தோட்டத்துப் பேரு இல்ல மனுசா, அவங்க பேரு.

முழித்தான்.
ஆறு வருசத்தில் எந்த மேசையிலும்
கேட்டதில்லையாம் இதை.

பெட்டியை எடுக்க அமலோற்பவம் அக்கா வந்தாள்.
மச்சானைப் பிடித்து ஐந்து மாதம்.
பேப்பரில் வந்தது:
பாம்பன் மீனவர் ஏழு பேர் கைது.
அந்தத் துண்டை வெட்டி
பைபிளுக்குள் வைத்திருக்கிறாள்.
ஏழில் எது அவர் என்று
அவளுக்கு மட்டும் தெரியும்.

அவளுக்கும் கொஞ்சம் ஊற்றினேன்.
நின்றவாக்கில் குடித்தாள்.
முகத்தைச் சுளிக்கவில்லை.
இன்னொரு தரம் முகர்ந்து
டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.
"மிச்சத்த மூடி வைங்க.
அவர் வந்தா ஒரு வாய்."

திறந்தால் மூன்று நாள் தாங்காது என்று
இஞ்ஞாசி சொல்ல வாயெடுத்தான்.
சொல்லவில்லை.
தக்கையைத் தேடி எடுத்து
உள்ளங்கையால் அழுத்தினான்,
நன்றாக.