மஞ்சள் கழுவ இருபது நிமிஷம்

ஒடுகத்தூர் தாண்டி மலையடியில் ஊர்.
பேர் நோட்டீசில் இருந்தது, நான் படிக்கவில்லை.
ஆடி மூணாம் வெள்ளி. மேடைக்குப் பின்னால்
டாட்டா ஏஸ், தார்ப்பாய், ஒரு குடம் தண்ணீர்.
உடை மாற்ற அதுதான் இடம்.

எட்டரைக்கு நான் அம்மன்.
தகரக் கிரீடம், முதுகில் அட்டைக் கைகள் ஆறு,
வாயில் வேப்பிலை.
ஒருத்தி குழந்தையைக் கொண்டுவந்து காலடியில் போட்டாள்.
கட்டைவிரலில் அதன் சூடு பட்டது.
திருநீறு போடு தாயே என்றாள்.
தட்டில் தீர்ந்துபோய் பவுடர்தான் இருந்தது.
பூசினேன்.

ஒன்பதுக்கு இறங்கி ஒன்பது இருபதுக்கு ஏறணும்.
துளசிங்கம் வாட்சைத் தட்டுகிறார்:
"பத்தானா ஸ்டேஷன்லேர்ந்து வந்துருவாங்க.
அஞ்சு பாட்டு சொல்லிக் கீறேன்."
மைக்கில், "தாய்மார்கள் குழந்தைகளோடு
வீட்டுக்குப் போகலாம்" என்கிறார்கள்.

சாயம் போய்விடும். மஞ்சள் போகாது.
தேங்காயெண்ணெய், ஷாம்பு, அப்புறம் பழைய பாவாடைத் துணி.
கழுத்து மடிப்பில் நிற்கும்.
கறுப்பு ஜிகினாவுக்கு மேல் அது தெரிந்தால்
கும்பிட்ட கை விசிலடிக்கக் கொஞ்சம் யோசிக்குமாம்.
துளசிங்கத்துக்குத் தொழில் தெரியும்.

அவர் நோட்டில்:
அம்மன் ஐநூறு. கரகம் நானூறு.
மயில் முந்நூறு, ரெக்கை வாடகை போக.
அந்த அஞ்சு பாட்டு ஆயிரத்து இருநூறு,
அதில் சட்டையில் குத்துகிற பணம் பாதிப் பாதி.
அம்மனுக்குக் குத்தினது முழுசும் கோயிலுக்கு.

மேடைக் கம்பத்தில் அனுமதிக் கடிதம் ஒட்டியிருக்கிறது.
ஆபாசம் கூடாது. மீறினால் விழாக் குழுவே பொறுப்பு.
விழாக் குழுத் தலைவர் தார்ப்பாயை விலக்கிக் கேட்டார்:
"போன வருஷம் வந்த பொண்ணு இன்னும் கொஞ்சம்..."
மீதியைக் கையால் சொன்னார்.
கையில் காப்புக் கயிறு, புது மஞ்சள்.

கரகம் ஆடும் சகாயம் செல்போன் டார்ச்சைப் பிடிக்கிறாள்.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் எனக்கு அடுத்த மெஷின் அவள்.
மணிக்கு இத்தனை ஜோடி என்று பலகையில் எழுதுவார்கள்.
நாங்கள் தைத்ததைப் போட்ட காலை
இன்றுவரை பார்த்ததில்லை.
"காதுக்குப் பின்னாடி இன்னும் கீது" என்கிறாள்.
விடு, நேரமாச்சு.

அஞ்சு பாட்டு ஏழானது.
ஜீப் வந்தது, நின்றது, விளக்கை அணைத்தது,
ஏழும் முடிந்தபிறகு ஹாரன் அடித்தது.

வண்டி ஏறும்போது அவள் நின்றிருந்தாள்,
தோளில் அந்தக் குழந்தை.
ஜிகினா, லிப்ஸ்டிக், எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள்.
"அம்மன் வேஷம் கட்டினாங்களே, அவங்க எங்கம்மா?
இன்னொருவாட்டி தொட்டா தேவலை."

அவங்க முன்னாடியே போயிட்டாங்க என்றேன்.
அவள் நகரவில்லை.
நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், தொடத்தான் தொட்டேன்.
கொதித்தது. பவுடர் வேர்வையில் திரிந்திருந்தது.

ஏறு என்றேன்.
ஒடுகத்தூர் ஆஸ்பத்திரி வழிதான்.
துளசிங்கம் டீசல் கணக்கு சொல்ல ஆரம்பித்தார்.
என் பாதியில் பிடிச்சுக்கோ.

மயில் ரெக்கையை மடித்து இடம் செய்தோம்.
குழந்தை தூக்கத்தில் என் காதைப் பிடித்துக்கொண்டது.