சிக்னல் இல்லை

பகலெல்லாம் பல் செட்டு.
மெழுகு, சுண்ணச்சாந்து, பிறர் கடித்துப் போன தடம்.
ஓஸ்ட்ராவாவில் எத்தனையோ பேர்
என் கைவேலையால்தான் ரொட்டி மெல்லுகிறார்கள்.
ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. நல்லது.

வெள்ளி ஆறரைக்கு மேல் நான் கம்பிகளின் ஆள்.
யாரோ தெருவில் வைத்துவிட்டுப் போன
முதுகு பெருத்த தொலைக்காட்சி ஒன்று.
செத்துப்போன கல்யாண வீடியோக்காரரின் மனைவி
எண்ணூறு கொருனாவுக்குத் தள்ளிவிட்ட மிக்சர் ஒன்று.
அதன் விளிம்பில் இன்னும் ஒட்டியிருக்கிறது
அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு:
கேக் வெட்டும்போது மெதுவாக.

கேமராவை அது எடுக்கும் படத்தையே பார்க்க விட்டால்
என்ன ஆகும் என்று பார்த்த முதல் இரவு
அடுப்பில் சூப் தீய்ந்தது.
திரைக்குள் திரை, அதற்குள்ளும் திரை,
நகக்கண் அளவு சாய்த்தாலும்
எல்லாம் சுழித்துக்கொண்டு கிணற்றில் இறங்குகிறது.
அடியாழத்தில்
யாரும் வரையாத ஏதோ ஒன்று
விரிகிறது,
மூச்சு விடுகிறது,
மனம் மாறிவிடுகிறது.
இதைப் பதிவு செய்யவே கூடாதென்று
எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன்.
இரண்டு முறை மீறியும் இருக்கிறேன்.

ஓசைக்கு லெஷெக்.
நகரத்துக்கு வெந்நீர் அனுப்பும் ஆலையில் இரவுப் பணி,
முள் நடுங்கினால் காரணம் தெரிந்தவன்.
பெட்டி நிறையக் குமிழ்கள், சடை பிடித்த கம்பிகள்.
தொடங்கும்போது
குளிர்பதனப் பெட்டி பழுதானது போல்தான் இருக்கும்.
காத்திருந்தால்
தரைக்குக் கீழே ஏதோ புரண்டு படுக்கும்.
அதன் மேல் ஊசி ஊசியாய் ஒரு தூறல்.
நாங்கள் ஒத்திகை பார்ப்பதில்லை.
பார்த்தால் சண்டை வருகிறது.

நவம்பரில் ஒரு நாள்,
மூடிப்போன டிராம் பணிமனையின் உணவுக்கூடம்.
வந்தவர்கள் பதினோரு பேர்.
லெஷெக்கின் தங்கை மிலுஷே, அவள் பிள்ளை,
கழிவறை தேடி வந்து
வெளியே குளிருக்குப் பயந்து நின்றுவிட்ட இருவர்,
மற்றவர்கள் எங்களைப் போலவே
வீட்டில் இப்படி ஏதாவது வைத்திருப்பவர்கள்.

பதினான்காம் நிமிடம்
ஒரு கம்பி செத்தது.
சுவர் முழுக்க நீலம்.
மூலையில் சின்ன எழுத்தில்: சிக்னல் இல்லை.

லெஷெக் பார்க்கவில்லை. வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான்.
கீழே அது புரண்டுகொண்டே இருந்தது.
நான் மண்டியிட்டேன், பிடுங்கினேன், செருகினேன்,
வேறு கம்பி தேடிக் கோட்டுப் பையில் கைவிட்டேன்.
கிடைத்தது
திங்களன்று தர வேண்டிய ஒரு தாடை அச்சு,
மேல் பாதி, கீழ் பாதி.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள்.
எழுந்து புரொஜெக்டர் முன்னால் நின்று
கைக்கொரு பாதியாய் நீலத்துக்குள் நீட்டினேன்.
சுவரில் வீடளவு வாய்.
லெஷெக்கின் தாளத்துக்குத் திறந்தேன், மூடினேன்.
தாளம் தவறியது, பிடித்தேன்.
தூறல் வந்தபோது பற்களை நடுங்கவிட்டேன்.
பிள்ளை உரக்கச் சிரித்தது.
அப்புறம் சிரிப்பதை நிறுத்தி
அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டது.
எனக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.
அந்த வாய் ஏதோ சொல்ல வந்தது போலவும்
அதற்கு நாக்கு கொடுக்க நான் மறந்தது போலவும்.

முடிந்ததும் கழிவறை தேடி வந்தவர் கேட்டார்:
அந்த நீலத்தை எப்படி வரவழைத்தீர்கள்?
நிறையப் பயிற்சி, என்றேன்.
கம்பி சுருட்டும்போது லெஷெக் கேட்டான்:
நடுவில் ஏதாவது ஆச்சா?
ஒன்றுமில்லை, என்றேன்.

திங்கள் காலை தாடைக்காரர் வந்தார். டிராம் ஓட்டுநர்.
செட்டை மாட்டிக் கண்ணாடியில் பார்த்தார்.
ஒரு தரம் கடித்தார்.
டக்.
கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.
இன்னொரு தரம், என்றேன்.
தேவையே இல்லை.
டக்.
இன்னொரு தரம்.