ஊசியின் சத்தம்

விரல் எங்கே இருந்தது என்று கேட்டார்கள்.
வெளியே, சேர்.
விசைக்கு வெளியே, வளையத்துக்கும் வெளியே,
மரக்கட்டையோடு ஒட்டி நீட்டியபடி.
விமலசூரிய எழுதிக்கொண்டார்.
எழுதிய விதத்திலேயே தெரிந்தது
நம்பவில்லை என்று.

சாகாமத்து வட்டை. பெரும்போகம்.
கதிர் பால்பிடித்து நின்ற கிழமை.
இரவு ஒரு மணி இருக்கும்.
கொண்டுபோன மூன்று யானைவெடியும் நமுத்து
சீறிவிட்டு அணைந்தன.
கொம்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
எனக்கு வலப்பக்கம் ஆதம்பாவா,
ஜீப் சாரதி, அக்கரைப்பற்று ஆள்,
ஒரு கையில் ரோச், மறு கையில் கடித்த பாண்.
"மேலுக்கு ஒண்டு விடுங்க, போயிரும்."

பத்து ரவையை அடுக்கி அமுக்கினேன்.
கைப்பிடியைப் பின்னால் இழுத்து
விட்டேன்.
நான் செய்தது அவ்வளவுதான்.

ரவை அறைக்குள் போன சத்தமும்
வெடித்த சத்தமும்
ஒரே சத்தமாய்க் கேட்டன.
சேறு கிளம்பி என் பல்லில் பட்டது.
ஆதம்பாவாவின் பெருவிரலுக்கும் அந்தக் குழிக்கும் நடுவே
ஒரு முழம் என்று எல்லாரிடமும் சொன்னேன்.
விடிந்தபின் போய் அளந்தேன்.
முக்கால்.

யானை ஒரு காதை அசைத்தது.
தின்றுகொண்டே நின்றது.

குழல் நிலத்தைப் பார்த்திருந்ததற்கு
எனக்கு ஒரு புண்ணியமும் இல்லை.
கை களைத்திருந்தது.
முதல்நாளைப் போல உசாராய் நின்றிருந்தால்
இடுப்பளவில் பிடித்திருப்பேன்.
இதை விசாரணையில் யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

"துவக்கு தானாக வெடிக்காது" என்றார் விமலசூரிய.
சிங்களத்தில் ஒருதரம், தமிழில் ஒருதரம்.
பூட்டுப் போட்டிருந்தாயா?
போட்டிருந்தாலும் தடுத்திராது, சேர்,
பூட்டு விசையைத்தான் பிடிக்கும்,
விசையை நான் தொடவே இல்லையே.

ஆயுத அறையின் பின்வாசலில் சாக்கு விரித்துக்
கழற்றினேன் அன்று மாலை.
பெட்டிக்குள் கிறீஸ் பூசி வருஷக்கணக்காய்க் கிடந்த சாமான்;
வெளியே பளபளவென்று துடைத்துத் தந்திருந்தார்கள்.
போல்ட்டைக் காதருகே பிடித்துக் குலுக்கினேன்.
ஊமை.

இந்த இனத்தில் ஊசிக்குச் சுருள்வில் கிடையாது.
காய்ந்த நெற்றுக்குள் விதை ஓடுவதைப் போலத்
தன்பாட்டில் ஓடித்திரிய வேண்டும்.
இது ஓடவில்லை.
கிறீஸ் இறுகி,
போல்ட்டின் முகத்தில் நுனி எட்டிப்பார்த்தபடி,
ஆறுமாதக் குழந்தையின் ஈற்றில்
முதல் பல்லைப் போல.

அந்தப் பல் முன்னே நிற்க
போல்ட் ஓடிப்போய் மூடினால்
விரல் எதற்கு?

பால்மா டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி
இரவு முழுக்க ஊறவிட்டேன்.
காலையில் டின்னுக்குள் கள்ளிச்சொட்டுக் கோப்பி.
துடைத்து, ஊதி, மறுபடி துடைத்துக்
குலுக்கினேன்.
கிலுக்.
தலையைச் சரித்தேன். கிலுக்.
ஆதம்பாவா வாங்கி ஆட்டிப் பார்த்தார்.
"இப்பதான் கதைக்கிது" என்றார்.
பிறகு கன நேரம்
தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விமலசூரியவும் குலுக்கினார்,
நாலைந்து தரம், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.
முதலில் எழுதியதை வெட்டவில்லை.
அதன் கீழே இன்னொரு வரி எழுதினார்.
எனக்குச் சம்பள உயர்வு ஆறுமாதம் நின்றது.
மற்ற நான்கு துவக்கும் அம்பாறைக்குப் போய்
கழுவித் திரும்பின; ஒன்று திரும்பவே இல்லை.

பயிர்ச்சேதத்துக்கு மனுக் கொடுக்க வந்த சீனித்தம்பி
வரம்பிலிருந்த குழியையும் சேர்க்கச் சொன்னார்.
அதற்குப் படிவத்தில் இடம் இல்லை.

இப்போது ரவையை அறைக்கு ஏற்றுவதே அபூர்வம்.
ஏற்றத்தான் வேண்டுமென்றால்
முதலில் ஈரமண்ணைத் தேடுகிறேன்,
கல் இல்லாத இடம்.
குழலை அதற்குக் காட்டி
மூச்சை விட்டு
ஒவ்வொரு முறையும் வெடிக்கப்போகிறது என்றே நினைத்துக்
கைப்பிடியை விடுகிறேன்.
களைப்பை நம்புவதில்லை.

ஆதம்பாவா இடப்பக்கம் மாறிவிட்டார்,
என் தோளுக்கு இரண்டடி பின்னால்.
நான் சொல்லவில்லை.
பாணையும் ஜீப்பிலேயே வைத்துவிட்டு வருகிறார்.

பொழுதுபட ஆறு மணிக்கு,
புத்தகத்தில் கையெழுத்து வைக்குமுன்,
போல்ட்டைக் கழற்றிக் குலுக்குகிறேன்.
கிலுக்.
ஜீப்பை நிறுத்தாமலே கேட்கிறார்:
"எனக்குக் கேக்கல்ல, இன்னொருக்கா."
கிலுக்.
"சரி. ஏறுங்க."