விலகிக்கொள்ளும் உரிமை

சொஹார் தொழிற்பேட்டை, லேபர் கேம்ப், பி பிளாக்.
விடியற்காலை நாலு பத்து.
மெஸ் ஹாலில் நாற்பது பேர்,
கையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குப்பி.
நான் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசிக்கிறேன்.

பகலில் எனக்கு சனத் ஆபீசில் டைப்பிங்.
வாரம் இரண்டு நாள் டாக்டர் ஷைமா கூப்பிடுவார்,
வெயிலும் சிறுநீரகமும் என்றொரு ஆய்வு,
மூன்று கோடைக்கு.
குப்பியை விளக்குக்கு நேரே பிடித்து
நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும்.
எலுமிச்சைத் தண்ணீரில் தொடங்கிக் கடுந்தேநீரில் முடியும்
எட்டுக் கட்டம்.
முதல் மூன்று கட்டம் அன்று யாருக்கும் வாய்க்கவில்லை.

கிரியேட்டினினுக்கு என்ன சொல்வது?
"ரத்தத்தில் தேங்கும் கசடு" என்று சொல்லிப் பார்த்தேன்.
பின் வரிசையிலிருந்து ஒரு குரல்:
"டீ வடிகட்டி அடைச்சுக்கிட்ட மாதிரியா?"
அன்றிலிருந்து எல்லா கேம்ப்பிலும்
அதையேதான் சொல்கிறேன்.

கேட்டவர் காத்தமுத்து. ஸ்கஃபோல்டிங்.
ஜெயங்கொண்டம் பக்கம்.
படிவத்தில் நூற்றுப்பதினேழு.

எட்டாவது பத்திக்கு வந்தேன்.
"நீங்கள் எப்போது வேண்டுமானாலும்,
காரணம் எதுவும் சொல்லாமல், விலகிக்கொள்ளலாம்.
அதனால் உங்களுக்கு எந்தப் பாதிப்பும் வராது."
எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி
பெஞ்சு பெஞ்சாகப் பரவியது.
டாக்டர் என்னைப் பார்த்தார்,
தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று.
"வேலையிலேருந்தா தம்பி?" என்றார் காத்தமுத்து.
"இல்லண்ணே, ஆராய்ச்சியிலேருந்து."
"அதானே பாத்தேன்."

பிறகு வில்லை.
உள்ளே பொடி பேட்டரி, ஒரு குட்டி ரேடியோ.
விழுங்கினால் குடலுக்குள் இருந்தபடி
உடம்புச் சூட்டைச் சொல்லிக்கொண்டே போகும்.
இரண்டு நாளில் தானாக வெளியே வந்துவிடும்,
தேட வேண்டாம் என்றும் எழுதியிருந்தது.

கண்டெய்னர் அறையின் ஏசியில் உட்கார்ந்து
நாங்கள் அவர்கள் வயிறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஏழு மணிக்கு முப்பத்தேழு புள்ளி நாலு.
பத்துக்கு முப்பத்தெட்டு புள்ளி மூன்று.
பதினொன்றே காலுக்கு
நூற்றுப்பதினேழு முப்பத்தொன்பதரையைத் தாண்டியது.
ஜன்னலுக்கு வெளியே, மூன்றாவது தட்டில்,
தோளில் பைப்போடு அவர்
யாரிடமோ ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார்.
டாக்டர் ஷைமா ஓடினார்.
படியில் மாட்டிய அபாயாவை இழுத்துக் கிழித்துக்கொண்டு ஓடினார்.
இறக்கினார்கள், நிழலில் கிடத்தினார்கள்,
ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டு.
"நல்லாத்தானே இருக்கேன்" என்றார் காத்தமுத்து,
கூட்டத்தைப் பார்த்து வெட்கப்பட்டு,
வயிற்றைத் தடவியபடி,
காட்டிக்கொடுத்தவனைத் தேடுவதுபோல.

அந்த ஆய்வால் நடந்தது உண்டு, மறைக்கக் கூடாது.
சைட்டில் நிழற்கூடாரம் வந்தது,
மணிக்கொரு தரம் ஓய்வும் உப்புத்தண்ணீரும்.
மறு கோடையில் வடிகட்டி அடைத்தவர்கள்
பாதியாகக் குறைந்தார்கள்.
அந்த அட்டவணையை டைப் செய்தது நான்தான்.
சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்கு முந்தைய செப்டம்பரில்
சனத் ஆபீஸ் கவுண்டரில் ஒரு கோப்பு வந்தது.
விசா ரத்து. தொழில்: ஸ்கஃபோல்டர்.
ஆய்வு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை,
நானும் ரகசியக் காப்புத் தாளில் கையெழுத்திட்டவன்.
ஆனால் நிழலில் கிடத்தியதை
எல்லோரும் பார்த்திருந்தார்கள்.
காரணம் என்ற கட்டத்தில், பி.ஆர்.ஓ. சொன்னபடி,
"சொந்த விருப்பம்" என்று அடித்தேன்.
எழுத்துப் பிழை இருக்கிறதா என்று
ஒருமுறை சரியும் பார்த்தேன்.

அட்டவணையில் நூற்றுப்பதினேழு இல்லை.
அடிக்குறிப்பில் இருக்கிறார்:
தொடர்பு விட்டுப்போனவர்கள், பதினொரு பேர்.

எனக்கு விட்டுப்போகவில்லை, நம்பர் இருக்கிறது.
போன வெள்ளிக்கிழமை கூப்பிட்டேன்.
அரியலூர் ஜி.எச்.சில் வாரம் இரண்டு நாள் டயாலிசிஸாம்.
"நாலு மணி நேரம். மெஷினுக்காக ஏசி போட்டுருக்கான், குளுருது" என்றார்.
கொஞ்சம் இருமினார்.
"தம்பி, அந்த வில்லை வெளிய வந்தத நான் பாக்கவே இல்ல.
உள்ளயே இருக்குமோ?"
"இருக்காதுண்ணே."
"இல்ல, சிக்னல் எதாச்சும் வருதான்னு
ஒருக்கா பாரேன்."